தாமதமாகத் தொடங்கிய சேவை: மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தின் கதை

போன மாதம் ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்கு நியூஜெர்சியிலிருந்து சித்தி மகள் கூப்பிட்டாள். அங்கே மதியம் இரண்டு மணி. கல்லூரியில் உயிரியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்த வருடம் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். மதிப்பெண்ணில் குறை ஒன்றும் இல்லை. குறை வேறு இடத்தில்.

அங்கே விண்ணப்பத்தில் ஒரு பகுதி உண்டு. படிப்பு தவிர நீ என்னவெல்லாம் செய்தாய் என்று கேட்கும். ஆஸ்பத்திரியில் தொண்டு, டாக்டர் பின்னாலேயே நடந்து வேலையைப் பார்த்தது, ஆராய்ச்சி, தலைமைப் பொறுப்பு எல்லாம் எழுத வேண்டும். எத்தனை மணி நேரம், எந்த மாதம் தொடங்கினாய், எந்த மாதம் முடித்தாய் என்பது வரைக்கும். இவள் ஒரு ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி தள்ளும் தொண்டில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கூடப் படிப்பவர்களோ பள்ளிக்கூடத்திலேயே ஆரம்பித்துவிட்டார்களாம்.

"அண்ணா, தேதியப் பாத்தாலே தெரிஞ்சுடும், விண்ணப்பத்துக்காகத்தான் ஆரம்பிச்சேன்னு. நான் பண்றது ஏமாத்து வேலையா?"

பி.காம். படிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? பற்று வரவு என்றால் ஏதாவது சொல்லலாம். "தூங்கிட்டு யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. டாக்டருக்குப் படிக்க வருகிறவனிடம் நீ ஓய்வு நேரத்தில் என்ன செய்தாய் என்று கேட்க வேண்டும் என்பது முதலில் யாருக்குத் தோன்றியது? எப்போது, எதற்காக? அதைத் தேடிப் படித்ததில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. அறிவுரை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியில் சேரப் பெரும்பாலும் ஒரே ஒரு தகுதிதான் வேண்டியிருந்தது. கட்டணம் கட்டப் பணம். பல கல்லூரிகள் ஆசிரியர்களே முதலாளிகளாக நடத்திய வியாபாரம். பள்ளிப் படிப்பை முடித்தாயா என்றுகூடக் கேட்காத இடங்கள் இருந்தன. 1893ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் தன் மருத்துவப் பள்ளியைத் திறந்தபோது, பட்டம் வாங்கிய பிறகுதான் இங்கே வரலாம் என்று விதி வைத்தது. அது அன்று ஊரே வேடிக்கை பார்த்த விதி. பிறகு 1910ல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் என்ற கல்வியாளர், கார்னகி அறக்கட்டளைக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளையும் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார். ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளி, நோயாளியே இல்லாமல் மருத்துவம் சொல்லிக்கொடுத்த பள்ளி என்று ஊர் ஊராகப் பேர் சொல்லிக் கிழித்தார். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் பள்ளிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. தரம் உயர்ந்தது. ஆனால் கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த பள்ளிகளில் இரண்டைத் தவிர மற்றவையும் அந்தக் காலத்திலேயே மூடப்பட்டன. இது பாடப்புத்தகங்களில் கொஞ்சம் சின்ன எழுத்தில்தான் வரும்.

வணிகவியலில் முதல் வருடமே சொல்லித்தருவது: சரக்கு குறைந்து கேட்பவர் கூடினால் விலை ஏறும். இங்கே விலையை ஏற்ற முடியாது. அதனால் கேட்பவர்களைச் சலிக்க வேண்டி வந்தது. சேர்ந்தவர்களில் பலர் பாதியில் நின்றுபோனதால் 1928ல் ஃப்ரெட் மாஸ் என்பவர் தயாரித்த ஒரு நுழைவுத் தேர்வு அறிமுகமானது. இன்றைய எம்கேட் தேர்வின் தாத்தா அது. யார் படிப்பை முடிப்பார்கள் என்று அது சொல்லிவிடும். யாரைச் சேர்க்க வேண்டாம் என்று ஏற்கனவே முடிவு செய்துவிட்டவர்களுக்கு மட்டும் அது உதவாது.

அப்படி முடிவு செய்தவர்கள் இருந்தார்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் நியூயார்க்கில் கட்டணம் இல்லாத சிட்டி காலேஜில் படித்து, நல்ல மதிப்பெண்ணோடு மருத்துவக் கல்லூரி வாசலில் வந்து நின்றார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் 1920ல் யூத மாணவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 47 பேர். 1940ல் 6 பேர். இருபது வருடத்தில் ஒரு சமூகத்துக்கு மூளை மழுங்கிவிடுமா என்ன? சேர்க்கும் முறை மாறிவிட்டது, அவ்வளவுதான். இடம் கிடைக்காத நூற்றுக்கணக்கான பையன்கள் கப்பல் ஏறி ஸ்காட்லாந்து போய் மருத்துவம் படித்தார்கள். போலியோ தடுப்பூசி கண்டுபிடித்த ஜோனஸ் சால்க் சிட்டி காலேஜ் மாணவர். அவர் டாக்டரானது நியூயார்க் பல்கலைக்கழகத்தில். அது யூதர்களிடம் பாரபட்சம் காட்டாத சில இடங்களில் ஒன்று.

முறை எப்படி மாறியது என்பதற்கு இளநிலைக் கல்லூரிகள் பக்கம் கொஞ்சம் போக வேண்டும், ஏனென்றால் விதை அங்கேதான் விழுந்தது. 1922ல் ஹார்வர்டின் தலைவர் லாரன்ஸ் லோவல், யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு வெளிப்படையாகவே ஒரு வரம்பு வைக்கலாம் என்றார். ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதே வருடம் விண்ணப்பத்தில் புதுக் கேள்விகள் முளைத்தன. உன் மதம் என்ன, அம்மாவின் கன்னிப் பெயர் என்ன, நீயோ உன் அப்பாவோ பெயரை மாற்றிக்கொண்டது உண்டா? நம் ஊரில் பேரைச் சொன்னதும் "எந்த ஊர், எந்தத் தெரு?" என்று கேட்பார்களே, அதே சங்கதி. 1926ல் மதிப்பெண்ணோடு "குணநலன்" என்பதையும் பார்க்கலாம் என்று முடிவானது. ஜெரோம் காரபெல் என்ற சமூகவியலாளர் 2005ல் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மூன்றின் பழைய ஆவணங்களைத் தோண்டி எழுதிய பெரிய புத்தகத்தின் வாதமே இதுதான். குணநலன், தலைமைப் பண்பு, விளையாட்டு, ஆளுமை என்று இன்று நாம் மரியாதையோடு சொல்லும் அளவுகோல்கள் அங்கே வேர் பிடித்ததற்கு, வேண்டாதவர்களைச் சத்தமில்லாமல் கழிக்க வசதியாக இருந்தது ஒரு முக்கியமான காரணம்.

கணக்குப்பதிவியலில் ரசீது இல்லாத செலவு என்று ஒன்று உண்டு. தணிக்கைக்கு வருகிறவர் முதலில் கை வைக்கும் இடம் அது. செலவு பொய் என்று அர்த்தம் இல்லை. பொய்யாக இருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது, அதுதான் சிக்கல். மதிப்பெண்ணை இன்னொருவனின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு, ஏன் எனக்கு இல்லை என்று சண்டை போடலாம். "ஆளுமை போதவில்லை" என்றால் எதை வைத்துச் சண்டை போடுவது? மதம், இனம் பார்த்து மாணவர்களை ஒதுக்குவதை 1948ல் நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டுத் தடுத்தது. கோட்டாக்கள் மெல்ல மெல்லப் போயின. கட்டம் மட்டும் விண்ணப்பத்தில் தங்கிவிட்டது.

இதில் நான் ஒரேயடியாக ஒரு பக்கம் சாய்வதாக நினைக்க வேண்டாம். தேர்வில் நூறு வாங்கி நோயாளி முகத்தைப் பார்க்கத் தெரியாத டாக்டரை நாம் எல்லோரும் சந்தித்திருக்கிறோம். வெறும் எண் போதாது என்ற கவலை உண்மையானது. ஆனால் அந்தக் கட்டம் யாருக்குக் கதவைத் திறக்கிறது என்று பார்க்க இரண்டு பேருடைய கதையைச் சொல்ல வேண்டும். ஒருவர் கலிஃபோர்னியா, இன்னொருவர் நம் தமிழ்நாடு.

ஆலன் பாக்கி 1940ல் மின்னசோட்டாவில் பிறந்தவர். இயந்திரப் பொறியியல் படித்தார். நான்கு வருடம் கடற்படைக் காலாட்படையில் சேவை, அதில் ஏழு மாதம் வியட்நாம் போரில். திரும்பி வந்து நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் பொறியாளர் வேலை. முப்பது வயதை ஒட்டித்தான் டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. வேலை பார்த்துக்கொண்டே வேதியியலும் உயிரியலும் படித்தார். ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் சம்பளமில்லாத தொண்டராகச் சேர்ந்தார். நாசாவில் ராக்கெட் கணக்குப் போடும் மனிதர் வேலை முடிந்து வந்து ஆஸ்பத்திரியில் எடுபிடி! தாமதமாகத் தொடங்கியவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தால் இவரைத்தான் தலைவராக்க வேண்டும்.

1973ல் டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். அப்போது வயது 33. அங்கே மதிப்பெண் சராசரி, எம்கேட், பரிந்துரைக் கடிதங்கள், நேர்முகம், பாடம் தாண்டிய செயல்பாடுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஐந்து பேர் தலா நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். இவருக்கு 500க்கு 468. மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போய் விண்ணப்பம் தாமதமாகியிருந்தது. அவர் முறை வந்தபோது பெரும்பாலான இடங்கள் போய்விட்டன. மறு வருடம் ஆறு பேர் மதிப்பிட்டார்கள், 600க்கு 549. அப்போதும் இல்லை. மொத்தம் நூறு இடங்களில் பதினாறு, சிறுபான்மை இனத்தவருக்கான தனிச் சேர்க்கைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பாக்கி வழக்குப் போட்டார்.

1978 ஜூன் 28ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாக்கியைச் சேர்க்க வேண்டும், பதினாறு என்று எண் வைத்து ஒதுக்குவது கூடாது. ஆனால் இனத்தைப் பல அம்சங்களில் ஒன்றாகப் பார்க்கலாம். இதற்கு நீதிபதி பவல் முன்மாதிரியாகக் காட்டியது எந்த முறையை என்று நினைக்கிறீர்கள்? ஹார்வர்டின் சேர்க்கை முறையை! யூதர்களைக் குறைக்கப் பயன்பட்ட அதே "முழு மனிதரையும் பார்" என்ற அணுகுமுறை, ஐம்பது வருடம் கழித்து, ஒதுக்கப்பட்டவர்களை உள்ளே கொண்டுவரும் வழியாக மாறி நின்றது. 2023ல் அதே நீதிமன்றம், அதே ஹார்வர்டு சம்பந்தப்பட்ட வழக்கில், இனத்தைப் பார்ப்பதையும் நிறுத்தச் சொல்லிவிட்டது. வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

பாக்கி 38 வயதில் முதல் வருட மாணவராகச் சேர்ந்து 1982ல் பட்டம் வாங்கி, மின்னசோட்டாவில் மயக்க மருந்து நிபுணராக வேலை பார்த்தார். அவரைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் இட ஒதுக்கீட்டைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு உறுத்தியது வேறு. டேவிஸுக்கு முன்பே இரண்டு கல்லூரிகள் அவரைக் கழித்தபோது சொன்ன காரணம் வயது. டேவிஸிலும் வயதைப் பற்றி அவரிடம் பேசியிருக்கிறார்கள். சிறுபான்மை ஒதுக்கீட்டை எதிர்த்துத்தான் அவர் நீதிமன்றம் போனார். தாமதமாக வந்ததற்காகக் கழித்தவர்கள் மேல் அவர் வழக்குப் போடவில்லை.

இதையெல்லாம் படிக்கும்போது, நம் ஊரில் இந்தத் தொல்லையே கிடையாது, மார்க் மட்டும்தான் என்று ஒரு பெருமையோடு இருந்தேன். தப்பு.

1970ல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு நேர்முகம் இருந்தது. மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்முகத்துக்கு. அந்த 75ஐ எதற்கெல்லாம் போட வேண்டும் என்று அரசாணை ஐந்து தலைப்புகள் சொன்னது. விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடம் தாண்டிய சிறப்புச் சேவைகள், உடல் நிலையும் தாங்கும் சக்தியும், பொதுத் திறன், கடைசியாக மருத்துவத்துக்கான நாட்டம். ஆமாம், என் தங்கை நியூஜெர்சியில் முழித்துக்கொண்டிருக்கும் அதே கட்டம்தான், நம் ஊரில் அரை நூற்றாண்டுக்கு முன்னால்.

சென்னைக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு பிரிவு, வெளியூர்க் கல்லூரி ஒவ்வொன்றும் ஒரு பிரிவு, ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வுக் குழு. இடம் கிடைக்காத பெரியகருப்பன் என்ற மாணவர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். வழக்கின் பெயரிலேயே "மைனர்" என்று இருக்கிறது. பதினெட்டு வயதுகூட ஆகாத பையன்! விசாரணையில் வெளிவந்தது என்ன? ஒவ்வொருவருக்கும் நேர்முகம் மூன்று நிமிடம்கூட நீடிக்கவில்லை. அரசாணை சொன்ன ஐந்து தலைப்புகளுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடவே இல்லை. மொத்தமாக ஒரு எண், அவ்வளவுதான். மூன்று நிமிடத்தில் ஒருவனின் தகுதியை எப்படி எடை போடுவீர்கள் என்று நீதிமன்றம் கேட்டது. தலைப்பு வாரியாகப் போடாதது சட்டவிரோதம், நேர்முகத்துக்கு 75 என்பதே அதிகமாகத் தெரிகிறது, பிரிவு பிரிவாகத் தேர்ந்தெடுப்பதும் செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

அந்த மூன்று நிமிடத்தை நான் நினைத்துப் பார்த்தேன். பி.யு.சி. முடித்த பதினேழு வயதுப் பையன். அப்பா விவசாயக் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். "சிறப்புச் சேவை என்ன செய்தாய்?" என்று கேட்கிறார்கள். ஏரி உடைந்தபோது மண் சுமந்ததைச் சொல்லலாமா? தாத்தாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்ததைச் சொல்லலாமா? அதெல்லாம் சேவை என்று யாரும் அவனுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சான்றிதழும் கிடையாது. நகரத்துப் பள்ளியில் படித்தவன் என்.சி.சி. சான்றிதழை மேசையில் வைப்பான். தாமதம் என்பது பல சமயம் சோம்பேறித்தனம் இல்லை. இப்படி ஒரு கட்டம் இருக்கிறது என்ற சேதி அந்த வீட்டுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்கிறது.

பிறகு 1980ல் காஷ்மீரில் ஒரு பொறியியல் கல்லூரி வழக்கு வந்தது (அஜய் ஹாசியா வழக்கு என்பார்கள்). அங்கேயும் 150ல் 50 நேர்முகத்துக்கு, அதிலும் பாடம் தாண்டிய செயல்பாடு ஒரு தலைப்பு, அங்கேயும் இரண்டு மூன்று நிமிடம்தான். நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். தமிழ்நாட்டில் 1984ல் நுழைவுத் தேர்வு வந்தது, 2006 சட்டத்தால் போனது, பிறகு பத்து வருடம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், 2017லிருந்து நீட். 2020லிருந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. நாம் ஆளைப் பார்ப்பதை விட்டுவிட்டு எண்ணுக்கு ஓடியதற்கு அந்த மூன்று நிமிடங்களும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. எண்ணிலும் காசு விளையாடும், நீட் பயிற்சி மையங்களின் விளம்பரத் தட்டிகளைப் பார்த்தால் தெரியும். ஆனால் எண்ணோடு சண்டையாவது போடலாம்.

நிற்க. தங்கைக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் பொது விண்ணப்பத்தை வரி வரியாகப் படித்தேன். அந்தப் பகுதியில் அதிகபட்சம் பதினைந்து அனுபவங்கள் எழுதலாம், அதில் மூன்றை மிக முக்கியமானவை என்று குறித்து விளக்கலாம். 2023ல் விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 52,500 பேர், சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 23,000. கல்லூரி முடித்து ஒரு வருடமாவது வேறு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் அங்கே இப்போது பாதிக்கும் மேல். அதாவது பாக்கியின் காலத்துப் "தாமதம்" இன்று கிட்டத்தட்ட வழக்கமாகிவிட்டது. பட்டியலில் என்னென்ன வகைகள் என்று பார்த்துக்கொண்டே வந்தவன் ஒரு இடத்தில் நின்றேன். மருத்துவத்தோடு சம்பந்தமில்லாத, சம்பளத்துக்குப் பார்த்த வேலை என்று ஒரு தனி வகை இருக்கிறது.

மறுநாள் ராத்திரி நான் கூப்பிட்டேன்.

"சாயந்திரம் எல்லாம் என்ன பண்ணுவ, ஸ்கூல் படிக்கிறப்பலேருந்து?"

"கடையிலதான் இருப்பேன், உனக்குத் தெரியாதா?"

தெரியும். சித்தப்பாவுக்கு அங்கே ஒரு மளிகைக் கடை. கல்லாவில் உட்காருவாள், அரிசி மூட்டைக் கணக்கு எழுதுவாள். சுகர் இருக்கிற பாட்டிகளுக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வாள், ஆங்கிலம் தெரியாதவர்களுக்காக இன்சூரன்ஸ்காரனோடு போனில் பேசுவாள். சித்தி இதையெல்லாம் பெருமையாக எங்கள் வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கூடப் படிப்பவர்கள் பள்ளிக்கூடத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் இவள் இருந்தது அங்கேதான்.

"அதுவா? அது வீட்டு வேலைண்ணா. அதை யாராவது எழுதுவாங்களா?"

"எழுதலாம்னுதான் போட்டிருக்கு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம், வருடத்துக்கு ஐம்பது வாரம், கல்லூரிக்கு முன்னும் பின்னுமாக நான்கு வருடத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். 2,400 மணி நேரம். ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்தில் தள்ளிய சக்கர நாற்காலி 16 மணி நேரம். அதையும் உள்ள தேதியோடு அப்படியே எழுதச் சொன்னேன். விண்ணப்பத்துக்காகத்தான் ஆரம்பித்தாய் என்றால் ஆரம்பித்ததும் உண்மைதானே, விடாமல் போ என்றேன். ஏமாற்று வேலையா என்று கேட்டாளே, அதற்கு என்னிடம் இருந்த பதில் இவ்வளவுதான்.

போனை வைக்கும்போது திடீரென்று அவளுக்கு ஒரு சந்தேகம். "அண்ணா, சம்பளத்துக்குப் பாத்த வேலைன்னு போட்டிருக்குன்னியே. அப்பா எனக்கு இதுவரைக்கும் ஒரு டாலர்கூடக் கொடுத்ததில்லையே!"

அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.